உறைந்த ஊசியும் அளந்த தண்ணீரும்

மருந்துக்கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நல்லது. முதலில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். கவுண்டருக்கு உள்பக்கம், ஃப்ரிட்ஜுக்கு அருகில், தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாத இடத்தில் போடுங்கள். மூணாறு பஜாரில் நான் பாதி ஆயுளைக் கழித்த கடையில் அப்படி ஒன்றைப் போட்டதற்கு முதலாளி என்னைத் திட்டாத நாள் இல்லை. "நடக்குற வழியில எதுக்கு ஸ்டெல்லா இது?" என்பார். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. நின்றுகொண்டே பேசுகிறவர் மருந்தின் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுவார். உட்கார்ந்தால்தான் மிச்சத்தைச் சொல்வார்.

மருந்துகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. நான் படித்த காலத்தில் பிறக்கவே பிறக்காத மருந்துகளை நீங்கள் பரீட்சையில் எழுதிவிட்டு வந்திருக்கிறீர்கள். சந்தேகம் வந்தால் போனைத் தட்டுகிறீர்கள்; நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் உங்களுக்குப் பதில் வந்துவிடுகிறது. ஆனால் அந்த மருந்து எந்த வீட்டுக்குப் போகிறது என்பது போனில் இல்லை. அதற்காகத்தான் இந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். எடை குறைக்கும் ஊசி பற்றியது.

எடை குறைக்க அலைகிறவர்களை நான் நெடுநாள் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். நான் பிறந்தது ஏலப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில். அங்கே ஒரு பெண் இளைத்துப்போனால் காசநோயோ என்று பயப்படுவார்கள். ஒருவரும் பாராட்டியதில்லை. அப்படி வளர்ந்தவளுக்கு, சுற்றிலும் தேயிலைக் காடு இருக்க, வெளியூரிலிருந்து வரும் 'ஸ்லிம் டீ' பாக்கெட்டைக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வராதா? அந்த டீயில் இருந்தது பேதியாவதற்குக் கொடுக்கிற இலை. வயிறு கழிந்து ஓடினால் எடை மெஷினில் முள் இறங்கத்தான் செய்யும். இறங்கியது உடம்பின் தண்ணீர். கொழுப்பு இருந்த இடத்திலேயே சௌக்கியமாக இருக்கும். அப்புறம் பொடி வந்தது, ஜிம்காரர்கள் கைமாற்றிக்கொண்ட மாத்திரை வந்தது. அதனால் இந்த ஊசி வந்தபோதும் உதட்டைப் பிதுக்கினேன்.

இது அந்த ரகம் அல்ல என்று படித்துத் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது. நாம் சாப்பிட்டதும் குடல் ஒரு ஹார்மோனைச் சுரந்து 'போதும்' என்று மூளைக்குச் சொல்கிறது. அது சீக்கிரமே கரைந்துவிடும். ஊசியில் இருப்பது அதே வேலையைச் செய்து ஒரு வாரம் உடம்பில் தங்குகிறது. பசி அடங்குகிறது. இரைப்பை மெல்லத்தான் காலியாகிறது. அதனால்தான் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல். உடம்பு பழகுவதற்காகவே மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் சேரலாம். கொழுப்போடு தசையும் போகும். சர்க்கரைக்காரர்கள் பலருக்கு இது பெரிய உதவி. நான் இந்த ஊசிக்கு எதிரி இல்லை. பாதையைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இனி முத்தையாவின் கதைக்கு வருகிறேன்.

முத்தையா மூணாறுக்கும் மேலே மலையில் இருக்கும் வட்டவடைக்காரர். ஜீப் ஓட்டுகிறவர். காலையில் மேலேயிருந்து ஆட்களையும் காரட் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மூணாறுக்கு வருவார், மத்தியானம் திரும்புவார். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் வயிறு இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். "பிரேக்கு பிடிக்கலேன்னாலும் இது பிடிச்சுக்கிரும்க்கா" என்று வயிற்றைத் தட்டிச் சிரிப்பார். மனைவி ஈஸ்வரி ஒல்லி. பூண்டு போட்டிருக்கும் கொஞ்ச நிலத்தை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போகும்வரை. அதன்பிறகு வாரத்தில் சில நாள் மலைக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போய்வர வேண்டியிருந்தது. முத்தையாவே கூட்டிப் போவார். போகிற வழியில் எங்கள் கடையில் நின்று அவளுடைய மருந்துகளை வாங்குவார்.

தன்னுடைய ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்க முத்தையா தயாராக இருந்தார். எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சோதனை செய்ததில் பொருத்தமும் சரியாக வந்தது. ஆனால் இந்த உடம்போடு எடுக்க முடியாது, கொடுத்தபின் மிஞ்சுகிற ஒரு சிறுநீரகத்துக்கு இந்த எடை ஆபத்து, குறைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எடையைக் குறைக்க அவர்களே முறையாக அந்த ஊசியை எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயே, பேனா வடிவத்தில் பல வார மருந்து அடைத்து வரும் ஊசி ஒன்றை வாங்கி, ஐஸ் போட்ட டப்பாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு அவர் என் கடைக்கு வந்து சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "அக்கா, எல்லாரும் சட்ட போடுறதுக்கு எளைக்கிறாக. நா ஈஸுக்காக எளைக்கப் போறேன்."

கார்த்திகை போய் மார்கழி வந்தது. முத்தையா இளைக்கவில்லை. குமட்டல்கூட இல்லை. ஆஸ்பத்திரியிலும் குழம்பினார்கள்; சிலருக்குக் குறைந்த அளவு கேட்காது, அதனால் முறைப்படி ஒரு படி ஏற்றினார்கள், பிறகு இன்னொரு படி. அப்போதும் மனிதர் அப்படியே இருந்தார். ஈஸ்வரிதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் சோர்ந்து வந்தாள். நாள் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

தை முடிந்து பனி விட்ட ஒரு காலையில் அவர் கடைக்கு வந்தார். சுற்றுலாக்காரர்கள் சீசன், கவுண்டரில் கூட்டம். எல்லாருக்கும் மலை ஏறிய தலைசுற்றலுக்கு மாத்திரை வேண்டும், அதுவும் உடனே. கூட்டத்துக்கு மேலாக முத்தையா கையை நீட்டினார்.

"அக்கா, வாந்திக்கு ஒரு மாத்தர குடுங்க. முதுகெல்லாம் ஒரே வலி, அதுக்கும் நல்லதா ஒண்ணு. சீக்கிரம்க்கா, ஈஸு வண்டியில ஒக்காந்துருக்கா."

கேட்ட மாத்திரை இரண்டும் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. யாரும் குறை சொல்ல முடியாத வியாபாரம். ஆனால் அவருடைய உதடு வெடித்திருந்தது, கண் குழிந்திருந்தது. வாந்தியோடு முதுகு வலி என்றதும் எனக்குக் கணையத்தின் நினைப்பு வந்துவிட்டது. இந்த ஊசியால் அபூர்வமாகக் கணையம் வீங்கும். அந்த வலி வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும். அது இல்லாமல் வெறும் தண்ணீர் வற்றிய உடம்பாகவே இருந்தாலும், அந்த நிலையில் வலி மாத்திரை சிறுநீரகத்தை நேராக அடிக்கும். கொடுக்கப் போகிற சிறுநீரகத்தை.

"இப்பிடி உள்ள வந்து ஒக்காருப்பா" என்றேன்.

"ஒக்கார நேரமில்லக்கா. டயாலிசுக்கு நேரமாச்சு."

"ஒக்காந்தாத்தான் மாத்திர."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முத்தையா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "நீங்க குடுக்கலேன்னா எதுத்த கடயில வாங்கிக்கிறேன், ஆமா" என்று திரும்பினார். எதிர்க் கடையில் கொடுப்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். முதலாளி கல்லாவிலிருந்து என்னை முறைத்தார். கவுண்டரில் ஒரு அம்மாள் "எக்ஸ்கியூஸ் மீ" என்று நாலாவது முறையாகச் சொன்னாள். எல்லாருக்கும் முதலாளி பக்கம் கையைக் காட்டிவிட்டு, கவுண்டர் பலகையைத் தூக்கி வெளியே வந்து முத்தையாவின் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது. ஏனோ அதன்பிறகு அவர் முரண்டு பிடிக்கவில்லை. ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

எப்போதிருந்து வாந்தி என்று கேட்டேன். புதிய பேனாவில் ஊசி போட்ட மறுநாளிலிருந்து என்றார். பிறகு அவர் சொன்னதைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது.

"மொதல்ல வாந்தி வந்தப்ப சந்தோசமாப் போச்சுக்கா. அம்புட்டு நாளா ஒண்ணுஞ் செய்யாத ஊசி இப்பத்தான் வேல செய்யிதுன்னு நெனச்சேன். நல்லா வரட்டும்னு விட்டுட்டேன்."

பக்கவிளைவை நாம் எச்சரிக்கையாகச் சொல்கிறோம். கேட்கிறவர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்.

"இத்தன நாளா ஒண்ணுமே செய்யாத ஊசி இப்ப மட்டும் ஏன் செய்யிது? பழைய பேனாவையெல்லாம் எங்கப்பா வச்சிருந்த?"

"குளிர்ல வைக்கணும்னு சொன்னாக. ஊட்டுல ஃப்ரிட்ஜு இல்ல. எங்க ஊருக்கு எதுக்குக்கா ஃப்ரிட்ஜு, ஊரே ஃப்ரிட்ஜுதான? ஒரு தகர டப்பாவுல போட்டு, வெளிய கூரைக்குக் கீழ ஆணியடிச்சுத் தொங்க விட்ருந்தேன்."

"மார்கழி, தையில காலையில ஜீப்புக் கண்ணாடிய எப்பிடித் தொடைப்ப?"

"சுடுதண்ணி ஊத்தித்தான். வெள்ளையா ஐஸு பிடிச்சு..." என்றவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியில் பிடித்த அதே உறைபனி தகர டப்பாவுக்குள்ளும் பிடித்திருக்கிறது. இரவில் மருந்து உறைந்து, வெயில் வந்ததும் உருகியிருக்கிறது. அப்படி உறைந்து உருகிய மருந்து பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். வீரியம் எவ்வளவு போனது, எவ்வளவு மிஞ்சியது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் உறைந்ததைத் தொடவே கூடாது என்கிறார்கள். முத்தையா மாதக்கணக்கில் போட்டுக்கொண்டது ஏறக்குறைய வெறும் தண்ணீராகத்தான் இருந்திருக்க வேண்டும். அது வேலை செய்யவில்லை என்று டாக்டர் அளவை ஏற்றினார். பனி விட்டபின் வாங்கிய பேனா கெடவில்லை. ஒருநாளும் அந்த மருந்தைச் சரியாகப் பார்த்திராத உடம்பில், பெரிய அளவு ஒரேயடியாகப் போய் இறங்கியது. டாக்டர் மேல் தப்பில்லை. 'குளிரில் வைக்கணும்' என்று சொன்னவர் மேலும் தப்பில்லை. வட்டவடைக் குளிர் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தகர டப்பா வாந்தியை விளக்கியது. இவ்வளவு வற்றிப்போனதை அது விளக்கவில்லை. வாந்தி வந்தாலும் மனிதர்கள் தண்ணீர் குடிப்பார்கள். "தண்ணி குடிச்சியா?" என்றேன்.

அவர் வெளியே ஜீப்பைப் பார்த்தார். ஈஸ்வரி முன்சீட்டில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் புட்டி. அவளைப் போன்றவர்களுக்குக் குடிக்கும் தண்ணீரும் அளவுதான். சிறுநீர் போகாது என்பதால் குடித்ததெல்லாம் உடம்பிலேயே தேங்கி நெஞ்சில் ஏறும். அன்றன்றைக்கு அளந்து ஊற்றியதை வைத்துக்கொண்டு, வாயை நனைத்து நனைத்து ஒரு பொழுதை ஓட்ட வேண்டும்.

முத்தையா குரலைத் தாழ்த்தினார். "அவ நாக்க நனச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கா. நா அவ முன்னாடி சொம்பத் தூக்கி மடக்கு மடக்குன்னு குடிக்கவா? எங்க ஊட்டுல யாருமே அவ முன்னாடி குடிக்கிறதில்லக்கா. பிள்ளைகளும் பக்கத்து ஊட்டுல போயித்தான் குடிச்சிட்டு வரும். ரொம்ப நாளா அப்பிடித்தான். இப்ப எனக்குத் தாகமும் அவ்வளவா இல்ல."

தாகம் இருந்திருக்காது. இந்த ஊசி பசியை மங்கவைப்பது போலவே தாகத்தையும் மங்கவைக்கும். வாந்தியில் போனது போய்க்கொண்டே இருக்க, உள்ளே எதுவும் போகவில்லை. முந்தின நாளிலிருந்து சிறுநீர் போகவில்லை என்றும் கேட்டபின் சொன்னார். மனைவிக்காக ஒதுக்கி வைத்திருந்த சிறுநீரகத்தை அவள் மேல் வைத்த அன்பினாலேயே வாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, கட்டிப்பிடித்து அழவும் முடியவில்லை.

"நீ வண்டி ஓட்டக் கூடாது. ஆஸ்பத்திரியில அவளுக்கு டயாலிசிஸ், ஒனக்கு அவசரப் பிரிவு. ரெண்டு பேரும் சேந்தே போங்க."

"சரிக்கா. அவகிட்ட மட்டும் சொல்லாதீக. இந்த ஊசியே வேணாம்னு சொன்னவ. எனக்கு ஒண்ணுன்னா அவ கிட்னியே வேணாம்னுருவா, எனக்குத் தெரியும்."

இதுதான் அன்றைக்கு எனக்கு வந்த நெருக்கடி. நோயாளி சொல்லாதே என்றால் சொல்லக் கூடாது. நம் தொழிலில் அதற்கு மேல் ஒரு கட்டளை இல்லை. ஆனால் அவர் சிறுநீரகத்தை வாங்கிக்கொள்ளப் போகிறவளும் அவள்தான். அவளுக்கு உரிமை இல்லையா? யோசிக்க எனக்குக் கிடைத்தது கடைவாசலிலிருந்து ஜீப் வரையிலான தூரம். அதற்குள் முடிவு செய்தேன். பொய் சொல்ல மாட்டேன், அவர் சொல்ல வேண்டியதை நான் முந்திக்கொண்டு சொல்லவும் மாட்டேன். முதலில் ஸ்டாண்டில் நின்ற இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டு சாவியைக் கொடுத்தேன். ஈஸ்வரியிடம், "இவருக்கு ஒடம்பு சரியில்ல, இன்னைக்கி ஓட்ட வேணாம்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. முத்தையாவின் உதட்டைப் பார்த்தாள். கையை நீட்டி அவர் முன்கைத் தோலைக் கிள்ளி விட்டாள். தோல் கிள்ளியபடியே நின்றது.

"ஒண்ணுக்குப் போனீங்களா?" என்றாள்.

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். முத்தையா குனிந்து செருப்பைச் சரிசெய்தார். அந்தக் கேள்வியைத் தன் உடம்பிடம் எத்தனையோ தடவை கேட்டவள் அவள். அதுவே அவளுக்குப் பதிலாகிவிட்டது.

நான் உப்புச்சர்க்கரைக் கரைசல் கலக்கக் கடைக்குள் ஓடினேன். திரும்பி வந்தபோது முத்தையா முன்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் தன்னுடைய சிறிய புட்டியைத் திறந்து அவர் வாயில் வைத்திருந்தாள். அது அன்றைக்கு முழுவதும் அவளுக்கென்று இருந்த தண்ணீர். அவர் தலையைத் திருப்பத் திருப்ப, தாடையைப் பிடித்து இழுத்து ஊற்றினாள். "எனக்குத் தர வேண்டியதையா இப்பிடிக் கெடுக்கப் பாத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றினாள். அவள் அழவில்லை. முத்தையாதான் அழுதார். கரைசலை அவள் கையில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் நிறுத்தாமல் கொடு என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஜீப் திரும்பியதும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வாந்தி என்று போனால் முதலில் கெட்டுப்போன சாப்பாட்டைத்தான் சந்தேகிப்பார்கள். ஊசி உறைந்த கதை, ஒரேயடியாகப் போன அளவு, முதுகு வலி, சிறுநீர் போகாதது, கொடுக்கப்படாத வலி மாத்திரை என்று எல்லாவற்றையும் அந்த இளம் டாக்டரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நல்ல காரியம், சேச்சி" என்றார். கணையத்துக்கு ஒன்றும் இல்லை என்று சாயந்திரம் தெரிந்தது. சிறுநீரகம் அடி வாங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரே கட்டடத்தில், ஒரு மாடியில் ஈஸ்வரியின் உடம்பிலிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்தார்கள், இன்னொரு மாடியில் முத்தையாவின் உடம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அடி ஆறியது. அதற்குச் சில வாரம் பிடித்தது. எர்ணாகுளத்தில் எல்லாச் சோதனையையும் மறுபடி முதலிலிருந்து செய்தார்கள். கொஞ்ச காலம் எதுவும் வேண்டாம் என்றார்கள். சிறுநீரகம் பழையபடி ஆகாவிட்டால் பேச்சே இல்லை என்றும் சொன்னார்கள். அந்த மாதங்களில் ஈஸ்வரி இருமுறை நெஞ்சில் நீர் கோத்துப் படுத்தாள். ஒவ்வொரு முறையும் முத்தையா என்னைக் கேட்டது ஒரே கேள்விதான். "என்னுது கெட்டுப்போச்சாக்கா?" எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு வேண்டும். ஆறுதலுக்காக வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள்.

சோதனை நல்லபடியாக வந்தபின், டாக்டர் மறுபடி அடிமட்ட அளவிலிருந்து ஊசியைத் தொடங்கினார். இந்தத் தடவை பேனாவை எங்கள் கடை ஃப்ரிட்ஜில் வைத்தேன். டயாலிசிஸுக்குப் போகும் வழியில் வாரம் ஒருநாள் முத்தையா வந்து ஸ்டூலில் உட்கார்ந்து போட்டுக்கொள்வார். குமட்டல் இருந்தது, தாங்கும் அளவில். இளைத்தார். முகம் ஒட்டியது, தொடைச் சதையும் கரைந்தது. தசை போகிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஈஸ்வரி முட்டையும் பயறுமாக அவிக்க ஆரம்பித்தாள். பசியே இல்லாத மனிதருக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். ஜீப்பை ஊர் முனையில் நிறுத்திவிட்டு வீடுவரை மேட்டில் நடக்கவும் வைத்தாள்.

அந்த வீட்டில் இன்னொன்றும் மாறியிருந்தது. ஊசி போட்டு முடித்ததும் ஈஸ்வரி கடைக்குள் வருவாள். கையில் ஒரு பெரிய புட்டித் தண்ணீர். அதை முத்தையாவிடம் நீட்டுவாள். அவர் கடை மூலைக்கு நகர்ந்து முதுகைக் காட்டிக்கொண்டு குடிக்கப் பார்ப்பார். விட மாட்டாள்.

"இங்கிட்டுத் திரும்பிக் குடிங்க. நா பாக்கணும்."

"போதும் ஈஸு, வயிறு ரொம்பிருச்சு."

"ஒங்க வயித்துக்காகவா சொல்றேன்? உள்ள இருக்கறது என் கிட்னி. அதுக்கு ஊத்துங்க."

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். அவர் குடித்து முடிக்கும்வரை அவள் கண்ணை எடுக்காமல் நிற்பாள். அந்தத் தண்ணீர் அவர் தொண்டையில் இறங்குவதைப் பார்க்கும்போது அவளும் எச்சிலை விழுங்குவாள். நான் அலமாரிப் பக்கம் திரும்பி எதையாவது அடுக்கிக்கொண்டிருப்பேன்.

இதெல்லாம் நடந்தபின்தான் நான் வேலையிலிருந்து நின்றேன். போகும்போது முதலாளியிடம் ஸ்டூலை எடுத்துவிடாதீர்கள் என்று சொன்னேன். அவரே இப்போது அதில்தான் உட்காருகிறாராம். நீங்களும் மருந்தைக் கொடுக்கும்போது எத்தனை வேளை என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் இன்னும் யார் நோயாக இருக்கிறார்கள், அவர்களுக்காக நீங்கள் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். வெட்டிப் பேச்சு என்று பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இதை எழுதும் இந்த வாரம் முத்தையாவும் ஈஸ்வரியும் எர்ணாகுளத்தில் இருக்கிறார்கள். ஊசியை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். இரைப்பை மெல்லக் காலியாவதால், மயக்கம் கொடுக்கும்போது உள்ளே இருப்பது மூச்சுக்குழாயில் ஏறிவிடும் அபாயம் உண்டு. கடைசி ஊசி எப்போது போட்டது என்பதை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்பதற்கு முன்பே முத்தையா தானாகச் சொன்னாராம். அறுவை முடியட்டும், முடிவு தெரிந்தபின் எழுதலாம் என்று ஒரு யோசனை இருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் நான் சொல்ல வந்தது எந்த முடிவு வந்தாலும் மாறாது. எனக்கு மட்டும் எந்த வேலையிலும் கை ஓடவில்லை.

நேற்றுக் காலையில் ஈஸ்வரி போன் செய்தாள். அறுவையைப் பற்றிப் பயப்படுகிறாள், தைரியம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

"அக்கா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சா தண்ணி நெறையாக் குடிக்கணுமாம்ல? மாட்டேன்னாலும் நர்சு விட மாட்டாகளாம்."

"ஆமா ஈஸ்வரி. நல்லாக் குடிக்கணும்."

"எனக்குக் குடிக்கிறதே மறந்துபோச்சுக்கா. வாய நனைச்சே பழகிருச்சு. ஒரு சொம்ப அப்பிடியே குடின்னா எனக்கு வருமான்னு பயமா இருக்கு."

இத்தனை வருடம் கவுண்டரில் நின்றும் அப்படி ஒரு கேள்வி என்னிடம் வந்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் முத்தையா போனை வாங்கிக்கொண்டார்.

"அவ குடிப்பாக்கா. நா முன்னாடி நின்னு பாத்துக்கிறேன்."